கத்திரி வெயிலில் காணாமல் போன பிளாஸ்மிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு பக்கம் ஒரு கல்லூரி, அதில் உயிரித்தொழில்நுட்பத் துறை. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் புராஜெக்ட் மாசிக்குப் பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு மரபணுவை நீக்க வேண்டும். எல்லாம் முறைப்படி செய்கிறார், கடைசியில், மரபணு நீங்கிய செல் மட்டும் வளர வேண்டிய கானமைசின் (ஒரு ஆன்டிபயாட்டிக்) பிளேட் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அவருடைய கைடு எனக்குப் பழக்கம் என்பதால் சித்திரையில் ஒருநாள் கோவையிலிருந்து போய்ப் பார்த்தேன். மாணவி, கைடு இருவரின் ஒப்புதலோடு கேஸை முழுமையாக எழுதுகிறேன். இதே பிளாஸ்மிட்டை, அதாவது பாக்டீரியாவுக்குள் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தை, வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒரு லேபில் இன்னொருவர் இதே போலத் திணறிக்கொண்டிருப்பார் என்பது என் அனுமானம்.

புராஜெக்ட் சாயத்தைப் பற்றியது. திருப்பூர்ச் சாயப் பட்டறைத் தண்ணீர் நொய்யல் ஆற்றை என்ன செய்தது, ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது என்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இங்குள்ள கல்லூரிகளில் சாயத்தை நிறமிழக்கச் செய்யும் பாக்டீரியா பற்றிய புராஜெக்ட் வருஷா வருஷம் வரும். பெரும்பாலும் கழிவுநீரில் இருந்து ஏதோ ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, சாயத்தில் போட்டு, நிறம் குறைந்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள். இந்தப் பெண்ணின் கேள்வி கொஞ்சம் கூர்மையானது. ஈ.கோலையில் அசோ சாயத்தை உடைக்கும் என்சைம் ஒன்று உண்டு. அதன் மரபணு அசோ-ஆர். அதை நீக்கிவிட்டால் நிறம் போவது எவ்வளவு குறைகிறது? மிச்சம் நிறம் போனால் அது யார் வேலை?

நீக்குவதற்கு எடுத்துக்கொண்டது டட்சென்கோவும் வானெரும் 2000-ல் வெளியிட்ட முறை. உலகம் முழுக்கப் பழகிப்போன முறைதான். இதில் மூன்று பிளாஸ்மிட்கள் வரும். முதலாவது பிகேடி46. இதில் லாம்டா வைரஸின் ரெட் மரபணுக்கள் மூன்று இருக்கின்றன. அராபினோஸ் சர்க்கரை போட்டால் அவை விழித்துக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே வரும் நேரான டிஎன்ஏ துண்டைக் குரோமோசோமில் கோத்துவிடும். இரண்டாவது பிகேடி4. நீக்க வேண்டிய மரபணுவின் இடத்தில் உட்காரப்போகும் கானமைசின் எதிர்ப்பு மரபணுவைப் பிசிஆரில் பெருக்கி எடுக்க இது வார்ப்பு. மூன்றாவது பிசிபி20. வேலை முடிந்தபின் கானமைசின் மரபணுவை வெட்டி எடுத்துவிட இது.

முதலாவதில்தான் கோளாறு. ஆனால் அங்கே கை வைப்பதற்குள் வேறு நாலு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

யார் மேலெல்லாம் சந்தேகம் போனது

பிசிஆர் துண்டு முதல் சந்தேகம். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஒரே பட்டை, சரியான அளவில், பளிச்சென்று நின்றது. வார்ப்பை வெட்டி அழிக்கும் டிபிஎன்-1 என்சைமைப் போட்டு, சுத்தம் செய்து, தண்ணீரில் கரைத்திருக்கிறார். குறை இல்லை.

அராபினோஸ் பழசா? புதிதாகக் கரைத்துப் போட்டும் அதே கதை. மின் அதிர்ச்சி கொடுத்து டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் எலெக்ட்ரோபொரேட்டரில் டைம் கான்ஸ்டன்ட் 5 மில்லி செகண்டை ஒட்டி வந்திருக்கிறது, குவெட்டில் பொறி வெடிக்கவில்லை. செல்கள் டிஎன்ஏவை வாங்கும் நிலையில் இருந்தனவா என்று பார்க்க, கானமைசின் எதிர்ப்புள்ள பிஇடி-28ஏ பிளாஸ்மிட்டை அதே செல்லில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். பிளேட் நிறையக் காலனி. ஆக, செல்லும் நன்று, கானமைசின் பிளேட்டும் நன்று, மின் அதிர்ச்சியும் நன்று.

இவ்வளவு சரியாக இருந்தும் காலனி இல்லை என்றால், ரெட் புரதங்கள் செல்லுக்குள் இல்லை என்றுதான் பொருள். ரெட் இல்லை என்றால் பிகேடி46 இல்லை. நான் இதைச் சொன்னதும் மாணவி ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, ஆம்பிசிலின் போட்டுத்தானுங்க வளர்த்துறேன். பிளாஸ்மிட் இல்லீன்னா கல்ச்சர் எப்படீங்க்கா வரும்? காலைல பாத்தா பிளாஸ்க்கு நல்லாக் கலங்கி இருக்குதுங்க."

நியாயமான கேள்வி. பிகேடி46 ஆம்பிசிலின் எதிர்ப்பைச் சுமக்கிறது. அந்த மருந்துள்ள திரவத்தில் கலங்கலாக வளர்ந்திருக்கிறது என்றால் பிளாஸ்மிட் இருக்கத்தானே வேண்டும்? பிளேட்டில் இது கிட்டத்தட்டச் சரி. பிளாஸ்க்கில் சரியில்லை. எதிர்ப்பைத் தருவது பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைம். அது மருந்தை வெளியே தள்ளுவதில்லை, உடைத்துப் போடுகிறது. பிளாஸ்மிட் உள்ள செல்கள் கொஞ்ச நேரம் வேலை செய்தாலே பிளாஸ்க்கில் உள்ள மருந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பிளாஸ்மிட்டை இழந்த செல்லும் அதே பிளாஸ்க்கில் நிம்மதியாகப் பெருகும். காலையில் தெரியும் கலங்கலில் பாதிக்கு மேல் வெறும் செல்லாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கல்ச்சரை நூற்றில் ஒரு பங்காகப் புது மீடியாவில் ஊற்றும்போது என்சைமும் கூடவே போகிறது. புது மருந்தும் சீக்கிரமே காலி.

அதனால் ஒரு எளிய சோதனை செய்தோம். மின் அதிர்ச்சிக்குத் தயாராக்கி மீதமிருந்த எலெக்ட்ரோகாம்பிடன்ட் செல்லை எடுத்து, டிஎன்ஏ எதுவும் ஏற்றாமல், படிப்படியாக நீர்க்கடித்து மருந்தில்லாத வெறும் எல்பி பிளேட்டிலும் ஆம்பிசிலின் பிளேட்டிலும் பரப்பினோம். இரண்டையும் 30 டிகிரியில் வைத்தோம். பிளாஸ்மிட் எல்லாச் செல்லிலும் இருந்தால் இரண்டு பிளேட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மறுநாள் எல்பி பிளேட்டில் அடர்த்தியாகக் காலனிகள். அதே நீர்ப்பில் ஆம்பிசிலின் பிளேட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு. மாணவி பிளேட்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

பிளாஸ்மிட் போனது உறுதி. ஏன் போனது?

நோட்டில் முப்பது, பெட்டிக்குள் எவ்வளவு

பிகேடி46 சூட்டுக்குத் தாங்காத பிளாஸ்மிட் என்பது எல்லா வழிகாட்டிக் குறிப்பிலும் இருக்கிறது. 30 டிகிரியில் வளர்க்க வேண்டும், 37-க்குப் போனால் பிளாஸ்மிட் போய்விடும். மாணவிக்கும் தெரியும். நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் 'ஷேக்கர், 30 டிகிரி, இரவு முழுவதும்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"செட் பண்ணுனது முப்பதுதானுங்க்கா. யூசி19 கல்ச்சரும் அதே ஷேக்கர்லதான் வெக்கறோம், மினிப்ரெப் சூப்பரா வருதுங்க."

யூசி19 என்பது லேபில் பழகிய இன்னொரு பிளாஸ்மிட், மினிப்ரெப் என்பது கல்ச்சரிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுப்பது. ஷேக்கர் என்பது பிளாஸ்க்குகளை ஆட்டிக்கொண்டே வளர்க்கும் பெட்டி. அதன் முகப்பில் இரண்டு வரி எண்கள் உண்டு. கீழே பச்சையில் உள்ளது நாம் வைத்த வெப்பநிலை. மேலே சிவப்பில் உள்ளது உள்ளே இருக்கும் வெப்பநிலை. பச்சையில் 30 என்றிருந்தது. சிவப்பில் 30-ஐ ஒட்டிக் காட்டியது, ஏனென்றால் நாங்கள் பார்த்தது பகல் நேரம், அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குளிரூட்டும் கம்ப்ரஸர் இல்லாத மாடல். சூடு பண்ணத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. இந்த வகைப் பெட்டிகளின் கையேட்டில் 'அறை வெப்பத்துக்கு மேல் 5 டிகிரியிலிருந்து' என்றுதான் வழக்கமாகப் போட்டிருக்கும். காரணம் உள்ளே சுற்றும் மோட்டார். அது தன் பங்குக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அறை 32 டிகிரி என்றால் பெட்டிக்குள் 37 ஆக ஹீட்டரே தேவையில்லை.

இரவில் அறை எப்படி இருக்கும் என்று அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டதில் மீதியும் விளங்கியது.

"ஆறு மணிக்கு எல்லாரும் போனப்பொறவு ஏசியெல்லாம் ஆப் பண்ணீருவனுங்க மேடம். கரண்டு பில்லு எச்சா வருதுன்னு ஆபீஸ்ல சொல்லீட்டாங்க. சன்னலும் சாத்தீருவேன். இந்தப் பொட்டி மட்டும் ராத்திரிக்கும் ஓடீட்டிருக்குமுங்க."

சித்திரையில், மேலே மொட்டை மாடி, சன்னல் அடைத்த அறை. ஈரோட்டு வெயில் பகலெல்லாம் கான்கிரீட்டுக்குள் இறங்கி இரவில்தான் வெளியே வரும். கோவைக்காவது பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிடைக்கிறது, இங்கே அதுவும் மட்டு. அன்று இரவு ஒரு பிளாஸ்க்கில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் தெர்மாமீட்டரைப் போட்டு ஷேக்கரில் வைத்தோம். எட்டரை மணிக்கு மாணவி ஹாஸ்டலில் இருந்து அனுமதி வாங்கி வந்து பார்த்துப் போட்டோ அனுப்பினார். பச்சையில் 30. சிவப்பில் 37.8. தண்ணீரிலும் ஏறக்குறைய அதேதான்.

இதே ஸ்டிரெயினை வைத்துச் சீனியர் ஒருவர் மார்கழியில் வேறு மரபணுவை நீக்கியிருக்கிறார், பிரச்சினையே இல்லை. அதனால்தான் பெட்டி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மார்கழியில் அந்த அறை இரவில் 25-க்குக் கீழே போயிருக்கும்.

சரி, பெட்டி சுட்டது. ஆனால் அதே சூட்டில் யூசி19 ஏன் போகவில்லை? 37 டிகிரி என்பது ஈ.கோலைக்குச் சொந்த வீடு, மனித வயிற்றின் வெப்பம். அதில் ஒரு பிளாஸ்மிட் செழிக்கிறது, இன்னொன்று அழிகிறது. இந்தக் கேஸின் உயிர்நாடி இந்த இடம்தான். இதைப் பல லேப்களில் 'அது அப்படித்தான்' என்று தாண்டிப் போகிறார்கள்.

பிளாஸ்மிட்டுக்கு யார் ஆரம்பித்து வைப்பது

பிளாஸ்மிட் தானாக நகலாவதில்லை. செல்லின் நகலெடுக்கும் இயந்திரம் முழுவதையும் கடன் வாங்குகிறது. ஆனால் 'இங்கே, இப்போது தொடங்கு' என்று சொல்ல வேண்டியது பிளாஸ்மிட்டின் பொறுப்பு. 1963-ல் ஜாகப், பிரென்னர், குசின் மூவரும் முன்வைத்த ரெப்ளிகான் கருத்து இதுதான்: டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடம், அந்த இடத்தை அடையாளம் கண்டு தொடங்கி வைக்கும் ஒரு பொருள். அந்தப் பொருள் பல பிளாஸ்மிட்களில் ஒரு புரதம். பொதுப்பெயர் ரெப் புரதம். அதன் மரபணுவும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்மிட்டிலேயே இருக்கும்.

பிகேடி46-க்குத் தொடக்க இடம் பிஎஸ்சி101 என்ற பழைய பிளாஸ்மிட்டிலிருந்து வந்தது. 1973-ல் ஸ்டான்லி கோஹென், ஆனி சாங், ஹெர்பர்ட் பாயர், ராபர்ட் ஹெல்லிங் ஆகியோர் முதன்முதலாக வெளி மரபணுவை ஒட்டி பாக்டீரியாவுக்குள் அனுப்பியபோது பயன்படுத்தியது அதைத்தான். ஒரு குரோமோசோமுக்கு ஐந்து நகல் என்ற அளவில் அடக்கமாக இருக்கும் பிளாஸ்மிட். அதன் ரெப் புரதத்தின் பெயர் ரெப்-ஏ, ஏறக்குறைய 37 கிலோடால்டன் எடை.

தொடக்க இடத்தில் வரிசையாக மூன்று மறுபதிப்புகள் இருக்கின்றன. ஒரே மாதிரியான எழுத்துத் தொடர், ஒரே திசையில், மூன்று முறை. இவற்றுக்கு இடெரான் என்று பெயர். ஒவ்வொரு இடெரானிலும் ஒரு ரெப்-ஏ தனியாக, ஜோடி சேராமல், வந்து உட்கார்கிறது. இவற்றுக்குப் பக்கத்தில் ஐஹெச்எஃப் என்ற செல்லின் சொந்தப் புரதம் டிஎன்ஏவைக் கூர்மையாக வளைக்கிறது. கொஞ்சம் தள்ளி டிஎன்ஏ-ஏ என்ற இன்னொரு செல்புரதத்துக்கு ஓர் இருக்கை. குரோமோசோமின் நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் அதே டிஎன்ஏ-ஏதான். வளைவினால் தூரத்தில் இருப்பவர்கள் கிட்டே வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் முறுக்கில், அடெனினும் தைமினும் நிறைந்த ஒரு சிறு பகுதியில் இரண்டு இழைகளும் பிரிகின்றன. அடெனின்–தைமின் ஜோடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டுதான், அடுக்குப் பிடிப்பும் பலவீனம், அதனால் அங்கே திறப்பது சுலபம்.

திறந்த வாயில் டிஎன்ஏ-பி என்ற ஹெலிகேஸ் ஏறுகிறது. ஆறு துண்டுகள் சேர்ந்த வளையம் அது, இழையை நடுவில் வைத்துக்கொண்டு முன்னே முன்னே பிரித்துக்கொண்டு போகும். அந்த வளையத்தைச் சும்மா இருக்கும் டிஎன்ஏவில் மாட்ட முடியாது, டிஎன்ஏ-சி அதை ஏற்றிவிட வேண்டும். எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்று பிடித்துக் கொடுப்பதில் ரெப்-ஏக்கும் பங்கு உண்டு, அது டிஎன்ஏ-பியோடு நேரடியாக ஒட்டுகிறது. பிறகு டிஎன்ஏ-ஜி சிறு ஆர்என்ஏ துண்டைப் போட்டுக்கொடுக்க, மூன்றாம் பாலிமரேஸ் வந்து ஓட்டத்தை ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் ரெப்-ஏக்கு வேலை இல்லை.

இழையைத் திறப்பதோடு ரெப் புரதங்களின் வேலை முடிந்துவிடுகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆர்கே2 என்ற பிளாஸ்மிட்டின் ட்ரிஃப்-ஏ புரதம், திறந்த பகுதியின் ஒற்றை இழையையும் பிடித்துக்கொள்கிறது, பாலிமரேஸின் பாகங்களோடும் ஒட்டுகிறது, அதனால் இயந்திரம் எந்த இழையில் ஏற வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது என்று 2015-ல் காட்டினார்கள். தொடங்கி வைப்பவருக்கு நாம் நினைத்ததைவிட அதிகாரம் கூடுதல்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இதே ரெப்-ஏதான் பிளாஸ்மிட்டைத் தடுத்தும் வைக்கிறது. தனியாக இருக்கும் ரெப்-ஏ தொடங்கி வைக்கும். இரண்டு ரெப்-ஏ ஜோடி சேர்ந்துவிட்டால், அந்த ஜோடிக்கு இடெரானில் தொடங்கி வைக்கும் வேலை வராது. அது தன் மரபணுவின் வாசலிலேயே போய் உட்கார்ந்துகொண்டு, 'இனி ரெப்-ஏ தயாரிக்க வேண்டாம்' என்று அடைத்துவிடும். செல்லில் நகல்கள் கூடினால் ரெப்-ஏ கூடும், ரெப்-ஏ கூடினால் ஜோடிகள் கூடும், ஜோடிகள் கூடினால் தொடக்கம் குறையும். இடெரான் வகைப் பிளாஸ்மிட்களில் இன்னொரு பிடியும் உண்டு. இரண்டு பிளாஸ்மிட்களின் இடெரான்களை ரெப் புரதங்கள் ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, இரண்டையும் தொடங்கவிடாமல் நிறுத்தும். இதற்குக் கைவிலங்கு என்றே பெயர். ஐந்து நகல் ஐந்தாகவே நிற்பது இதனால்தான்.

ஜோடியும் தனியும் வெறும் எண்ணிக்கை வித்தியாசம் இல்லை. எஃப் பிளாஸ்மிட்டின் ரெப்-இ புரதத்தின் வடிவம் 1999-ல் வெளியானது. சிறகுபோல விரிந்த இரண்டு பாகங்கள், இரண்டும் டிஎன்ஏவைத் தொடுகின்றன. ஜோடியாக இருக்கும்போது முதல் பாகம் இன்னொரு ரெப்போடு ஒட்டுவதற்கான வடிவில் மடிந்திருக்கும். தனியாகும்போது அதே பாகம் உள்ளே மாற்றி மடிந்து டிஎன்ஏவைப் பிடிக்கத் தயாராகிறது. பி1 பிளாஸ்மிட்டின் ரெப்-ஏ ஜோடியைப் பிரித்துத் தனியாக்க, டிஎன்ஏ-கே, டிஎன்ஏ-ஜே என்ற மடிப்பு உதவிப் புரதங்களே வேண்டியிருக்கிறது என்று ஸூ விக்னரின் குழு 1990-களின் தொடக்கத்தில் கண்டது. அவை சூட்டதிர்ச்சிப் புரதங்கள் என்று நாம் பாடத்தில் படிக்கும் அதே ஆட்கள்.

இவ்வளவு நுணுக்கமாக மடிந்து, மாறி மடிந்து வேலை செய்யும் புரதத்தில் ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகும் என்பது இப்போது ஊகிக்கக்கூடியதுதான். பிஎஸ்சி101-ல் சூடு தாங்காத வடிவங்களை ஹஷிமோட்டோ-கோட்டோவும் செகிகுச்சியும் 1977-ல் எடுத்துக் காட்டினார்கள். அந்த வகை ரெப்-ஏதான் பிகேடி46-ல் இருப்பது. 30 டிகிரியில் தொடங்கி வைக்கிறது. சூடு ஏறினால் தொடங்கி வைக்க ஆளில்லை. டிஎன்ஏ-ஏ இருக்கிறது, ஐஹெச்எஃப் இருக்கிறது, ஹெலிகேஸ், பாலிமரேஸ் எல்லாம் பக்கத்தில் குரோமோசோமை நகலெடுத்துக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்மிட் மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை, வெட்டவில்லை. செல் மட்டும் பிரிந்துகொண்டே போகிறது.

அடுத்து நடப்பது நம் ஊர்ப் பாகப்பிரிவினைதான். எட்டு ஏக்கர் காடு, தலைமுறைக்கு இரண்டு பங்காளி என்றால், மூன்று தலைமுறையில் ஆளுக்கு ஒரு ஏக்கர். காட்டையாவது அதற்குப் பிறகும் சென்ட் கணக்கில் வெட்டலாம், பிளாஸ்மிட்டைப் பாதியாக வெட்ட முடியாது. நகல்கள் எட்டு என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பிரிவில் செல்லுக்கு ஒன்று. நாலாவது பிரிவில் பாதிச் செல்லுக்கு இல்லை. பத்தாவது பிரிவில் 1024 செல்லுக்கு எட்டு, ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு காலனியைத் தொட்டு இரவு முழுக்க வளர்த்தால் பத்துப் பிரிவுக்கு மேலேயே ஆகும். 37.8 டிகிரியில் ஈ.கோலை என்ன வேகத்தில் பிரியும் என்று சொல்லத் தேவையில்லை.

யூசி19 எப்படித் தப்பித்தது

அதற்கு ரெப் புரதமே கிடையாது.

யூசி, பிபிஆர், பிஇடி எல்லாம் ஒரே சாதி. அவற்றின் தொடக்க இடத்தில் செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸே ஓர் ஆர்என்ஏவை எழுதுகிறது. அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, நறுக்கப்பட்டு, முதலாம் பாலிமரேஸுக்குத் தொடக்கத் துண்டாக ஆகிவிடுகிறது. கட்டுப்பாடும் ஆர்என்ஏதான். எதிர் இழையில் எழுதப்படும் ஒரு சின்ன ஆர்என்ஏ வந்து பிணைந்து அதைத் தடுக்கும். அந்தப் பிணைப்புக்குத் துணைபோகும் ராப் என்ற புரதம் யூசி வகையில் இல்லை. போதாக்குறைக்கு அதன் தொடக்க ஆர்என்ஏவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, சூடு கூடினால் தடுப்பு இன்னும் தளர்கிறது. ஆகவே வெப்பம் ஏற ஏற யூசி19-ன் நகல்கள் கூடத்தான் செய்யும். கத்திரி வெயிலில் மினிப்ரெப் 'சூப்பரா' வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாணவி நம்பிய கன்ட்ரோல், சூட்டைக் காட்டிக்கொடுக்கவே முடியாத கன்ட்ரோல். செல்லைச் சோதித்த பிஇடி-28ஏயும் அதே சாதிதான். அந்த லேபில் அதுவரை எல்லாரும் கையாண்டது இந்த வகை மட்டுமே என்பதால் பெட்டியின் குணம் வெளியே தெரியவேயில்லை.

இந்தக் கேஸில் இன்னொரு ரெப் புரதமும் பின்னணியில் இருந்தது. வார்ப்பாகப் பயன்படும் பிகேடி4-ன் தொடக்க இடம் ஆர்6கே என்ற பிளாஸ்மிட்டின் காமா இடம், ஏழு இடெரான்கள் கொண்டது. அதைத் தொடங்கி வைக்கும் பை என்ற புரதம் அந்தப் பிளாஸ்மிட்டிலேயே இல்லை, எடுத்துவிட்டார்கள். பை புரதத்தின் பிர் மரபணுவைக் குரோமோசோமில் வைத்திருக்கும் விசேஷ ஸ்டிரெயினில் மட்டும்தான் அது நகலாகும். எனவே பிசிஆர் துண்டோடு பிகேடி4 கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும், மாணவி பயன்படுத்திய எம்ஜி1655 என்ற ஈ.கோலை ஸ்டிரெயினில் அது பெருக வழியில்லை. கானமைசின் பிளேட்டில் காலனி வந்தால் அது பிகேடி4 ஒட்டிக்கொண்டு வந்த பொய்க் காலனி இல்லை என்று நம்ப முடிவது இதனால். பிர்-116 என்ற மாற்றமுள்ள ஸ்டிரெயினில் பை புரதத்தின் தடுக்கும் குணம் குறைந்து நகல்கள் பல மடங்கு கூடும். ஒரே புரதம் தொடக்கியாகவும் தடையாகவும் இருப்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

ஸ்டாஃபைலோகாக்கஸில் உள்ள பிடி181 போன்ற சின்னப் பிளாஸ்மிட்களின் ரெப் இதிலெல்லாம் சேராது. அங்கே ரெப் ஓர் இழையை வெட்டி, வெட்டிய முனையில் தன்னையே டைரோசின் வழியாக ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முனையிலிருந்து நகல் உருண்டுகொண்டே போகும். அது வேறு கதை.

உறுதிப்படுத்தியதும் சரிசெய்ததும்

பெட்டிதான் காரணம் என்று சொன்னால் மட்டும் போதாது, கைடு அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. ஒரே காலனியிலிருந்து இரண்டு பிளாஸ்க். ஒன்று வழக்கம்போல ஷேக்கரில், ஏசி இல்லாமல் இரவு முழுக்க. இன்னொன்று சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் தண்ணீர்ச் சோதனைக்கு வைத்திருந்த பிஓடி இன்குபேட்டரில். அதில் கம்ப்ரஸர் உண்டு, குளிர வைக்கும். 30-ல் வைத்து, உள்ளே ஒரு சின்ன ஆர்பிட்டல் ஷேக்கரை இறக்கினோம். காலையில் இரண்டு பிளாஸ்க்கும் கலங்கல்தான், ஷேக்கரில் இருந்தது ஒரு படி கூடவே. பிளேட்டில் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது. பிஓடியில் வளர்ந்தது எல்பியிலும் ஆம்பிசிலினிலும் கிட்டத்தட்டச் சமம். ஷேக்கரில் வளர்ந்தது ஆம்பிசிலினில் வெறிச்சோடியது.

அதற்குப் பிறகு முறையில் சில மாற்றங்கள் செய்தோம். இரவுக் கல்ச்சரை அப்படியே ஊற்றாமல், சுழற்றி அடியில் படிய வைத்து, பழைய மீடியாவைக் கொட்டிவிட்டுப் புது மீடியாவில் கலக்கி ஊற்றுவது. என்சைம் கூட வராது. எலெக்ட்ரோபொரேஷனுக்கு முன்னால் அதே செல்லிலிருந்து ஒரு துளியை எல்பியிலும் ஆம்பிசிலினிலும் போட்டு வைப்பது. காலனி வரவில்லை என்றால் மறுநாளே காரணம் தெரிந்துவிடும். நோட்டில் பச்சை எண்ணை எழுதாமல் சிவப்பு எண்ணை, வைக்கும்போது ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை எழுதுவது. ஏசியை இரவில் ஓட விடுங்கள் என்று அலுவலகத்திடம் கேட்பதை நான் வேண்டாம் என்றேன். கேட்டு வாங்கினாலும் கரண்டு போகும் இரவில் அது உதவாது.

அடுத்த சுற்றில் கானமைசின் பிளேட்டில் காலனிகள் வந்தன. நிறைய இல்லை, இந்த முறையில் எப்போதும் நிறைய வராது. இரண்டு பக்கச் சந்திப்பிலும் பிரைமர் வைத்துப் பிசிஆர் செய்ததில் அசோ-ஆர் போய்க் கானமைசின் மரபணு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பிகேடி46-ஐக் கழிக்க அதே காலனிகளை 37-ல் வளர்த்தார், ஆம்பிசிலினில் வளராதவற்றை எடுத்துக்கொண்டார். பிசிபி20-க்கும் தொடக்க இடம் அதே சூடு தாங்காத பிஎஸ்சி101 வகைதான். ஏற்றுவதும் வளர்ப்பதும் 30-ல், அது பிஓடியில் நடந்தது. கழிப்பது 43-ல், அதற்கு மறுபடி பழைய ஷேக்கர். அந்தப் பெட்டிக்கு அந்த மாதத்தில் அது வெகு சுலபமான வேலை.

மிச்சம் இருந்தது பிரீசர். பங்குனியிலும் சித்திரையிலும் போட்ட கிளிசரால் ஸ்டாக்குகள் அத்தனையும் அந்த இரவுக் கல்ச்சர்களில் இருந்து எடுத்தவை. லேபிளில் பிகேடி46 என்று இருக்கிறது, உள்ளே பெரும்பாலும் வெறும் எம்ஜி1655. ஒவ்வொன்றையும் ஆம்பிசிலின் பிளேட்டில் 30-ல் கீறி, தனிக் காலனி எடுத்து, பிஓடியில் வளர்த்துப் புதிதாக ஸ்டாக் போடச் சொன்னேன். இரண்டு குப்பிகளில் ஆம்பிசிலினில் எதுவுமே வரவில்லை. அவற்றை ஆட்டோகிளேவில் போட்டுக் கொட்டிவிட்டார்கள். சீனியர் மார்கழியில் போட்டு வைத்த ஸ்டாக்கில் எல்லாமே சரியாக இருந்தது.